ஐரிஸ் பாரி அம்மையார்

உலகில் அரியனவற்றைப் படைப்போர் சிலர். படைத்தவற்றின் அருமையறிந்து பேணுவோர் அவரினும் சிலர். படைத்தோரைப் புகழும் உலகம் பேணினோரை எளிதில் மறந்துவிடுகின்றது. சினிமா என்னும் கலை தோன்றி நாற்பதாண்டு நிரம்புமுன்னரே அதன் முதற்செல்வங்கள் குப்பையோடு குப்பையாய் அழிந்துகொண்டிருந்தன. அவற்றைத் தேடித் தொகுத்து, பொதுமக்கள் கண்முன் மீண்டும் நிறுத்திய பெருமை ஐரிஸ் பாரி அம்மையாருக்கு உரியது. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அம்மையார் 1895-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பர்மிங்காம் நகரில் தோன்றினார். லூமியேர் சகோதரர் பாரிஸ் மாநகரில் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குச் சலனப் படங்களைக் காட்டியதும் அவ்வாண்டிலேயே ஆதலின், அம்மையாரும் சினிமாவும் ஒத்த வயதினர் எனலாம். இளமையிலேயே கவி புனையும் ஆற்றல் வாய்ந்த அவர், எஸ்ரா பவுண்டு என்னும் கவிஞரின் ஊக்கம் பெற்று, முதல் உலகப் போர்க்காலத்தில் லண்டன் மாநகரம் புகுந்தார். ஆங்கு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது சினிமா. கற்றோர் பலர் அதனைப் பாமரர் பொழுதுபோக்கென்று இகழ்ந்த நாளில், அம்மையார் 'ஸ்பெக்டேட்டர்', 'டெய்லி மெயில்' ஆகிய பத்திரிகைகளில் படங்களின் குணமும் குற்றமும் நாடி எழுதினார். 1925-இல் நண்பர் சிலரோடு கூடி லண்டன் பிலிம் சங்கத்தை நிறுவினார். வாணிபக் கொட்டகைகளில் காணக் கிடையாத பிறநாட்டுப் படங்களை அச்சங்கம் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் காட்டிவந்தது.

பின்னர் வேலை இழந்த அம்மையார் 1930-இல் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் நவீனக் கலைக் காட்சிசாலை 1929-இல் திறக்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவராகிய ஆல்பிரட் பார், ஓவியமும் சிற்பமும் போலவே சினிமாவும் நம் காலத்துக் கலையாதலின் அதற்கும் ஆங்கு இடம் வேண்டுமென்று தொடக்கமுதல் எண்ணியிருந்தார். 1932-இல் அம்மையார் அக்காட்சிசாலையின் புத்தகசாலையை அமைக்கும் பணியை ஏற்றார். ராக்பெல்லர் அறநிதியின் பொருளுதவியால் 1935-இல் பிலிம் நூலகம் தோன்றியபொழுது, அவர் அதன் காப்பாளரானார். அவர் கணவர் ஜான் அபட் தலைவரானார்.

அக்காலத்துப் படங்களின் நிலை யாது? 1927-க்குப் பின் பேசும் படம் வரவே, பேசாப் படங்கள் விலையற்றுப் போயின. அவை பதிந்திருந்த நைட்ரேட் சுருளோ எளிதில் தீப்பற்றுவது; நாளடைவில் தானே நைந்து பொடியாவது. அச்சுருளிலிருந்த வெள்ளியின்பொருட்டுப் படங்களை அழித்தோரும் உண்டு. பிரான்சு தேசத்து மெலியே என்பார் இயற்றிய படங்கள் பல, போர்க்காலத்தில் உருக்கப்பட்டுப் போர்வீரர் காலணிக்குக் குதியாயின. ஏட்டுச்சுவடியைக் கறையான் தின்பதினும் இரங்கத்தக்கது இது. தின்றது அறியாப் பூச்சியன்று, அறிவுடைய மனிதனே அன்றோ!

இந்நிலையில் அம்மையார் 1935-இல் கணவரோடு ஹாலிவுட் நகரம் சென்றார். மேரி பிக்போர்டு என்னும் புகழ்பெற்ற நடிகையார் தம் மாளிகையில் பட முதலாளிகளையும் நடிகர்களையும் விருந்துக்கழைத்தார். அவர்கள்முன் பழைய படப்பகுதிகள் காட்டப்பட்டன. தாம் மறந்திருந்த தம் கலையின் இளமையை அவர்கள் மீண்டும் கண்டனர். அதன்பின் கதவுகள் சில திறந்தன. 1936-இல் அம்மையார் ஐரோப்பா சென்று, பிரான்சு, ஜெர்மனி, ரஷ்யா முதலிய நாடுகளிலும் படங்களைத் தேடினார்.

தேடிச் சேர்த்ததோடு அவர் அமைந்தாரல்லர். பெட்டியில் உறங்கும் படம் இறந்த படமே என்பது அவர் கொள்கை போலும். 1936 முதல் படங்கள் வரிசைப்படுத்தப்பட்டு, விளக்கக் குறிப்புகளோடு கல்லூரிகளுக்கும் காட்சிசாலைகளுக்கும் அனுப்பப்பட்டன. 1939-இல் காட்சிசாலையின் புதிய கட்டிடம் எழுந்தபொழுது அதனுள் படக்காட்சி மண்டபமும் அமைந்தது. நாள்தோறும் ஆங்குப் படங்கள் காட்டப்பட்டன. பேசாப் படங்களுக்குப் பியானோ இசைக்கப்பட்டது.

ஆயினும் ஓர் இடர் நேர்ந்தது. பழைய உடையையும் மிகைப்பட்ட நடிப்பையும் கண்டு அவையோர் சிலர் நகைத்தனர்; கூச்சலும் எழுப்பினர். அம்மையார் மனந்தளரவில்லை. மண்டபத்தில் தமக்கென ஓர் இருக்கை கொண்டு, இயந்திர அறையோடு பேசத் தொலைபேசியும் அருகே வைத்திருந்தார். ஆரவாரம் எல்லை கடந்தால் படம் நிற்கும். அமைதி பிறவாவிடில் காட்சி முடிக்கப்படும் என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றும். ஓவியத்தின்முன் நிற்போர் அடக்கத்தோடு நிற்பதுபோலத் திரையின்முன்னும் அமர்தல் வேண்டும் என்பதை அவர் இங்ஙனம் மக்களுக்குக் கற்பித்தார். காலத்தால் மூத்ததொன்றை நகையாது காணக் கற்றலும் கல்வியே என்று நாம் கருதுகின்றோம்.

அவர் தொண்டு ஓர் ஊரளவில் நிற்கவில்லை. நியூயார்க், லண்டன், பாரிஸ், பெர்லின் ஆகிய நான்கு நகரங்களின் பிலிம் காப்பகங்கள் 1938-இல் கூடி அனைத்துலகச் சம்மேளனம் ஒன்றை நிறுவின. கிரிபித் என்னும் பெரும் இயக்குநர் தொழிலுலகத்தால் கைவிடப்பட்டு வாழ்ந்த நாளில், அம்மையார் 1940-இல் அவரைப்பற்றி நூலெழுதி, வாழும்போதே அவருக்கு மதிப்புத் தேடித் தந்தார். 1949-இல் பிரெஞ்சு அரசாங்கம் அம்மையாருக்கு 'லெஜியன் ஆப் ஆனர்' என்னும் விருதளித்தது. பின்னர்ப் பணியினின்று நீங்கித் தென் பிரான்சில் எளிய வாழ்க்கை நடத்திய அவர், 1969-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இறைவனடி சேர்ந்தார்.

ஐயாயிரவருக்கு அப்பம் அளித்த நம் ஆண்டவர், எஞ்சிய துணிக்கைகளும் வீணாகாதபடி சேர்த்துவைக்குமாறு தம் சீடரைப் பணித்தார். மிகுதியை உண்டாக்க வல்லவரே துணிக்கையையும் மதித்தாரெனின், அதனை மதியாதிருக்க நாம் யார்? உலகம் எறிந்த துணிக்கைகளைக் கூடை கூடையாய்ச் சேர்த்தவர் ஐரிஸ் பாரி அம்மையார். சேர்த்ததைப் பூட்டிவைக்காமல் எல்லார்க்கும் பரிமாறினார். அதுவே அவர் பெருமை. நூலும் கலையும் பயிலும் மாணவராகிய நாம் இவ்விரண்டையும் அவர்பால் கற்றுக்கொள்வோமாக.