பொய் சொல்லாத பொற்காசு

அமெரிக்காவின் வட கரோலினாவில், 1799ல் 12 வயதுச் சிறுவன் ஒருவன் ஓடையில் மஞ்சள் கல் ஒன்றைக் கண்டெடுத்தான். எடை ஏழரை கிலோவுக்கு மேல்! வீட்டார் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்தனர். மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, அது தங்கம் என்று. அப்புறம் என்ன, ஊரே மண்வெட்டியோடு கிளம்பிவிட்டது.

தங்கம் கிடைத்தது, செலவழிக்கக் காசு இல்லை. தங்கப்பொடியைக் கொடுத்துச் சாமான் வாங்கினால், எடையிலும் தரத்திலும் ஏமாற்றினார்கள். அரசு நாணயச்சாலையோ தொலைவில், பிலடெல்பியாவில் இருந்தது. வழியெல்லாம் திருடர் பயம்.

இந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியிலிருந்து வந்த நகைத் தொழிலாளி கிறிஸ்டோபர் பெக்ட்லர், ரூதர்போர்டன் ஊரருகே பட்டறை போட்டார். தங்கம் கொண்டு வருவோருக்கு, 1831 முதல் சிறு கூலிக்குக் காசு அடித்துக் கொடுத்தார். அன்று அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. காசிலேயே அதன் எடையையும் காரட்டையும் பொறித்தார். சந்தேகமா? யார் வேண்டுமானாலும் நிறுத்துப் பார்க்கலாம்! மக்கள் நம்பி வாங்கினார்கள்.

அந்நாட்டின் முதல் ஒரு டாலர் தங்கக்காசும் இவர் அடித்ததுதான். அரசு அப்படியொரு காசை வெளியிட்டது 1849ல். அதைப் பார்க்க பெக்ட்லர் இல்லை, 1842லேயே இறந்துவிட்டார். பட்டறையை மட்டும் அவர் குடும்பத்தார் விடாமல் நடத்திவந்தனர்.