கப்பித்தான் யாப் ஆ லோய்: ஆட்களை நிலைக்க வைத்த முதலாளி

வெளிநாட்டு ஆட்களை வைத்துத் தொழில் நடத்தும் நம் போன்ற வணிகர்களுக்கு ஆள் பற்றாக்குறை புதிய செய்தி அன்று. கோலாலம்பூரே வெளியூர் ஆட்களின் உழைப்பில் எழுந்த நகரம்தான். அவர்களைச் சேர்த்து இங்கே நிலைக்க வைத்தவர்களுள் முதன்மையானவர் கப்பித்தான் யாப் ஆ லோய். அவரை ஒரு முதலாளியாக நாம் அறிந்துகொள்வது நல்லது.

அவர் 1837இல் தென்சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில், ஹக்கா இனத்தில் பிறந்தார். 1854இல், பதினேழு வயதில், மலாக்கா வந்து சேர்ந்தார். ஊர் திரும்புவதற்காக உறவினர் கொடுத்த கப்பல் காசைச் சிங்கப்பூரில் சூதாடித் தோற்றார் என்பர். பிறகு லுக்குட் ஈயச் சுரங்கத்தில் சமையற்காரரானார். அங்கிருந்து சுங்கை ஊஜோங் சென்றார். 1862இல் கோலாலம்பூருக்கு வந்து, அப்போதைய கப்பித்தானிடம் மேலாளராக அமர்ந்தார். 1868இல் அவர் மறைந்ததும் தாமே கப்பித்தான் ஆனார்.

அவர் பொறுப்பேற்ற இடம் எளிதானதன்று. 1857இல் கிள்ளான் ராஜா அப்துல்லா அம்பாங் காட்டுக்கு அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்களில், காய்ச்சலுக்குத் தப்பியவர்கள் 18 பேர் மட்டுமே. அத்தகைய காட்டுக்கு ஆள் வர வேண்டும், வந்தவர் ஓடாமல் இருக்க வேண்டும். மண்ணோ மலாய் ஆட்சியாளர்களுடையது. சுரங்க ஆட்கள் ஹக்காக்கள் என்றாலும், ஊர்வழியே இரு பிரிவாகி வெட்டிக்கொண்டார்கள். கப்பித்தான் முதலாளியாக மட்டும் இருந்தால் போதாது. வழக்கைத் தீர்க்க வேண்டும், காவல் வைக்க வேண்டும், மலாய்ப் பெருமக்களோடும் ஒத்துப்போக வேண்டும்.

சிலாங்கூர்ப் போரில், 1872இல், ஊர் எதிரிகள் கையில் விழுந்து எரிந்தது. தெங்கு கூடின் பக்கம் நின்ற பகாங் மலாய்ப் படையின் துணையோடு 1873இல் அது மீட்கப்பட்டது. சுரங்கங்களில் வெள்ளம் நின்றது. ஆட்கள் சிதறிப் போயிருந்தனர். மேலும் ஒரு அடியாக ஈய விலையும் இறங்கியது. கடையைக் கட்டிவிட்டுப் போக இதைவிட வேறு காரணம் வேண்டுமா? அவர் போகவில்லை. கடன் வாங்கினார், சுரங்கத் தலைவர்களுக்கு முன்பணம் கொடுத்தார், சீனாவிலிருந்து புதிய ஆட்களை வரவழைத்தார். ஆட்களுக்கு அரிசி வேண்டுமே என்று, சுற்றுப்புற மலாய்க் குடியானவர்கள் நெல் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1879இல் ஈய விலை ஏறியபோது, வேலை செய்ய ஆட்கள் அவர் பக்கத்தில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே ஆங்கிலேயர் தங்கள் தலைமையகத்தைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றினர். 1881இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்தன, மறுபடியும் எழுப்பினார்.

கணக்குப் புத்தகத்தின் மறுபக்கத்தையும் நாம் புரட்ட வேண்டும். அக்காலத்தில் புதிதாக வந்த கூலி, கப்பல் செலவுக் கடனோடுதான் வேலையைத் தொடங்கினான். அரிசியும் எண்ணெயும் அபினும் முன்பணம் கொடுத்தவரிடமே, கூடுதல் விலைக்கு. அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் வரிக் குத்தகையும் கப்பித்தானின் வருமானத்தில் அடங்கும். ஒரு கையால் கொடுத்த கூலி மறு கை வழியாகத் திரும்பி வந்தது. சூதில் கப்பல் காசை இழந்ததாகச் சொல்லப்படும் இளைஞர், பிற்காலத்தில் சூதாட்டத்தால் வருமானம் பெற்றார் என்பது நெஞ்சை உறுத்துகிறது. அது அக்கால வழக்கம் என்று சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது.

அவர் 1885 ஏப்ரலில், 48 வயதில் காலமானார். பெத்தாலிங் ஸ்திரீட்டில் அவர் நடத்திய மரவள்ளி மாவு ஆலையின் பெயராலேயே சீனர்கள் அத்தெருவை இன்றும் அழைக்கிறார்கள்.

இன்று நம் உணவகங்களிலும் கடைகளிலும் தமிழ், வங்காளம், நேப்பாளி பேசும் பிள்ளைகள் ஒன்றாக வேலை செய்கிறார்கள். பெர்மிட் எடுத்து ஆளைக் கொண்டுவருவது தொடக்கம்தான். வியாபாரம் படுத்த மாதங்களிலும் அவர்கள் சோற்றுக்கு வழி செய்ததை யாப் ஆ லோயிடமிருந்து எடுத்துக்கொள்வோம். வந்த செலவென்று சம்பளத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பதை அவர் காலத்தோடு விட்டுவிடுவோம். ஊருக்குப் பணம் அனுப்ப முடிகிற தொழிலாளி நம்மைத் தேடித் திரும்ப வருவான். அவன் தம்பியையும் அழைத்து வருவான்.