ராபர்ட் ஸ்டீபன்சன்

ராபர்ட் ஸ்டீபன்சன் (அக்டோபர் 16, 1803 – அக்டோபர் 12, 1859) இங்கிலாந்தைச் சேர்ந்த இரும்புப்பாதைப் பொறியாளர் ஆவார். நீராவித் தொடர்வண்டியின் முன்னோடியான ஜார்ஜ் ஸ்டீபன்சன் இவரது தந்தை. லண்டன்–பர்மிங்காம் இரும்புப்பாதை, பிரித்தானியா பாலம் ஆகியவை இவரது முக்கியப் பணிகள். லண்டனிலுள்ள ரவுண்ட்ஹவுஸ் எனும் வட்ட வடிவ எஞ்சின் கொட்டகையின் (லோகோ ஷெட்) வடிவமைப்பிலும் இவருக்குப் பங்குண்டு.

இளமை

நியூகாசில் அருகே வில்லிங்டன் கீ என்னும் ஊரில் பிறந்தார். மூன்று வயது நிறைவதற்குள் தாயை இழந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் தொழில் பயின்றபின், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் கற்றார். 1823 இல் இவர் பெயரில் நியூகாசிலில் எஞ்சின் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1829 இல் ரெயின்ஹில் போட்டியில் வென்ற ராக்கெட் எஞ்சின் இங்குதான் உருவானது.

லண்டன்–பர்மிங்காம் பாதை

1833 இல் இப்பாதையின் தலைமைப் பொறியாளரானார். 112 மைல் நீளமுள்ள பாதை 1838 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. யூஸ்டன் நிலையத்திலிருந்து காம்டன் வரையிலான ஏற்றத்தில், 1844 வரை நிலையான நீராவிப் பொறிகள் கயிற்றால் வண்டிகளை இழுத்தன. எனவே எஞ்சின்கள் காம்டனிலேயே நிறுத்தப்பட்டன.

ரவுண்ட்ஹவுஸ்

1847 இல் காம்டனில் சரக்கு வண்டி எஞ்சின்களுக்காக இக்கொட்டகை கட்டி முடிக்கப்பட்டது. ஸ்டீபன்சனுடன் ராபர்ட் டாக்ரேயும் இதை வடிவமைத்தார். செங்கல் சுவரால் ஆன இதன் விட்டம் ஏறத்தாழ 48 மீட்டர். உள்ளே வரும் எஞ்சின் நடுவிலுள்ள சுழல்மேடையில் நிற்கும். மேடையைத் திருப்பி, ஆரைகளைப் போல் விரியும் தண்டவாளங்களுள் ஒன்றில் அதைச் செலுத்துவர். கூம்பு வடிவக் கூரையை 24 வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்குகின்றன. உச்சியிலுள்ள திறப்பு வழியாகப் புகை வெளியேறியது. எஞ்சின்கள் நீளமாகிவிட்டதால் ஏறத்தாழ பத்தாண்டுகளில் கொட்டகை பயனற்றுப் போனது.

டீ பால விபத்து

அதே ஆண்டு மே 24 அன்று, செஸ்டர் நகரில் டீ ஆற்றின்மேல் ஸ்டீபன்சன் வடிவமைத்த பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து, வண்டி ஆற்றில் விழுந்தது. ஐவர் இறந்தனர். வண்டி தடம்புரண்டு மோதியதே காரணம் என அவர் வாதிட்டார். விசாரணையில் அது ஏற்கப்படவில்லை. தூணில் பாரம் இரும்பை அமுக்குகிறது. உத்தரத்திலோ அடிப்பகுதியை இழுக்கிறது. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும். இழுவிசையில் எச்சரிக்கையின்றி முறியும். விபத்துக்குப்பின் அமைக்கப்பட்ட அரச ஆணையம் இரும்பின் வலிமையை ஆராய்ந்து 1849 இல் அறிக்கை அளித்தது. 1850 இல் திறக்கப்பட்ட இவரது பிரித்தானியா பாலம், மாதிரிகளைச் சோதித்தபின் தேனிரும்புக் குழாய்களால் கட்டப்பட்டது.

இறுதிக்காலம்

1847 முதல் இறக்கும்வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1850 இல் சர் பட்டத்தை ஏற்க மறுத்தார். இவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் மதுக்கிடங்காகப் பயன்பட்ட ரவுண்ட்ஹவுஸ், 1954 இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது; 1960களில் கலையரங்காகி, 2006 இல் புதுப்பிக்கப்பட்டது. அதன் 24 தூண்களும் இன்றும் கூரையைத் தாங்கி நிற்கின்றன.