கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலு

தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சமார் குலத்தில், 1876-இல் தார்வாரில் பிறந்தவர் பாலு. பூனாவில் ஆங்கிலேயர் கிளப்பில் 4 ரூபாய் மாதச் சம்பளத்தில் ஆடுகளம் பேணிய இவ்விளைஞர், அங்கு ஆடுவோர்க்கு நாள்தோறும் பந்து வீசியே அக்கலையில் தேர்ந்தார். பூனா இந்துக்கள் தம் அணியில் சேர்த்த பின்னும், தேநீர் மட்டும் மண்டபத்திற்கு வெளியே மண்குவளையில் தரப்பட்டது. 1911-இல் இங்கிலாந்தில் தோள்வலியுடனேயே 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு வழங்கப்படவேயில்லை. மனம் தளராது, நாற்பது வயதைக் கடந்தும் 1920 வரை ஆடினார். அவர் தம்பி விட்டல் 1923-இல் அவ்வணிக்குத் தலைவரானார். பாலு 1955-இல் மறைந்தார். உடல்நோவினும் உள்ளநோவு கொடிது. இரண்டையும் தாங்கி உழைத்த அவ்வுறுதியை நம் இளைஞர்கள் பெற வேண்டுமென விழைகிறோம்.