சத்யஜித் ரே: ஏலியனை வங்காளக் குளத்தில் இறக்கியவர்! வானில் தெரியும் மர்ம வெளிச்சம் எதற்குச் சாட்சி?

2007 அக்டோபர் 29, விடியற்காலை. கொல்கத்தாவின் கிழக்கு வானில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். ஒருவர் அதை ஹேண்டிகேமில் படம்பிடித்தார். வீடியோவில் அது முதலில் உருண்டையாக இருந்தது, பிறகு முக்கோணமானது, அப்புறம் கோடாக நீண்டது. டிவியில் ஓடியதும் ஊரெல்லாம் பறக்கும் தட்டுப் பேச்சுதான். ஆனால் விடை ரொம்பச் சாதாரணம்: அது வெள்ளி கிரகம்.

இதே நகரத்தில், அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வேற்றுக்கிரகவாசியைக் கிராமத்துக்குக் கூட்டி வந்திருந்தார். அவர் சத்யஜித் ரே. வானில் தெரிவதற்கும் நாம் அதைப் புரிந்துகொள்வதற்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க அவருடைய வாழ்க்கையே நல்ல வழி.

யார் இந்த ரே?

1921 மே 2 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தாத்தா உபேந்திரகிஷோர் 1913-ல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கியவர். அப்பா சுகுமார் ரே, வங்கக் குழந்தைகள் கொண்டாடும் எழுத்தாளர். ரேவுக்கு இரண்டு வயதானபோதே அப்பா இறந்துவிட்டார். பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம், சாந்திநிகேதனில் ஓவியம் படித்துவிட்டு, 1943-ல் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1955-ல் வெளியான 'பதேர் பாஞ்சாலி' அவரை உலகறியச் செய்தது.

நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' இதழை 1961-ல் நண்பரோடு சேர்ந்து மீண்டும் தொடங்கினார். அதற்காகத்தான் அறிவியல் புனைகதை எழுத ஆரம்பித்தார். 1962-ல் வந்தது 'பங்குபாபுர் பந்து', அதாவது பங்கு பாபுவின் நண்பன். ஊர்ப் பெரிய மனிதர்கள் தினமும் கூடிக் கிண்டலடிக்கும் ஓர் அப்பாவி பள்ளி ஆசிரியர்தான் பங்கு பாபு. வானில் தெரிந்த வெளிச்சம் சேட்டிலைட்டா வேறு ஏதாவதா என்று அந்தக் கூட்டத்தில் பேச்சு நடக்கிறது. அன்றிரவு வீடு திரும்பும் வழியில் அவர் ஒரு வேற்றுக்கிரகவாசியைச் சந்திக்கிறார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை, கையில் ஆதாரமும் இல்லை. ஆனா, அந்தச் சந்திப்பு கொடுத்த தைரியத்தில் கிண்டலடித்தவர்களிடம் முதல்முறையாக எதிர்த்துப் பேசுகிறார். கதைக்கு அது போதும். அறிவியலுக்குப் போதாது.

ஹாலிவுட் வரை போன ஸ்கிரிப்ட்

இந்தக் கதையின் விதையிலிருந்து 1967-ல் ரே எழுதிய திரைக்கதை 'தி ஏலியன்'. விண்கலம் ஒன்று வங்காளக் கிராமத்தின் தாமரைக் குளத்தில் இறங்குகிறது. தண்ணீருக்கு மேலே அதன் உச்சி மட்டும் தெரிகிறது. பார்த்த ஊர் மக்கள், மூழ்கிக் கிடந்த கோயில் மேலே வந்துவிட்டது என்று கும்பிடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்க. அவர்கள் பொய் சொல்லவில்லை, ஏதோ ஒன்றை நிஜமாகவே பார்த்தார்கள். தப்பு பார்வையில் இல்லை, அதற்கு வைத்த பெயரில்தான். கோயில் தெரிந்தவருக்குக் கோயில். 2007-ல் ஹாலிவுட் படம் பார்த்து வளர்ந்தவருக்குப் பறக்கும் தட்டு.

இந்தத் திட்டத்துக்கு இலங்கைத் தொடர்பும் உண்டு. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் ரேவின் கதையை ரசித்து, தன் நண்பர் மைக் வில்சனிடம் சொன்னார். சிங்களத்தின் முதல் வண்ணப் படமான 'ரன் முத்து தூவ'வை எடுத்தவர் இந்த வில்சன். அவர் கல்கத்தா வந்து தயாரிப்புப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கொலம்பியா பிக்சர்ஸ் ஆர்வம் காட்டியது. பீட்டர் செல்லர்ஸ், மார்லன் பிராண்டோ பெயர்கள் அடிபட்டன. ஆனால் ஸ்கிரிப்ட் பிரதிகளில் காப்புரிமை வில்சன் பெயரிலும் இருந்ததைப் பார்த்து ரே அதிர்ந்தார். திட்டம் படுத்துவிட்டது.

1982-ல் ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' வெளியானது. அமெரிக்காவில் சுற்றிய தன் ஸ்கிரிப்ட் பிரதிகள் இல்லாமல் அந்தப் படம் சாத்தியமாகியிருக்காது என்பது ரேவின் கருத்து. ஸ்பீல்பெர்க் மறுத்தார். ரே வழக்கு எதுவும் போடவில்லை. இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. இது அங்கிருந்துதான் வந்தது என்று நிறுவ ஒற்றுமை மட்டும் போதுமா? பறக்கும் தட்டு விவகாரத்திலும் இதே கேள்விதான்.

சரி, டேட்டா என்ன சொல்லுது?

அமெரிக்க விமானப்படை 1969 வரை 12,618 தகவல்களை ஆராய்ந்தது. 701-க்கு விடை கிடைக்கவில்லை. அதாவது சுமார் 5.6%. விடை தெரியவில்லை என்பதற்கு அர்த்தம் விடை தெரியவில்லை என்பது மட்டுமே. ஏலியன் வந்தது என்பதல்ல. 2023-ல் நாசா குழுவும், 2024-ல் பென்டகன் அறிக்கையும் வேற்றுக்கிரகத் தொடர்புக்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தன.

நம் ஊரிலும் நடந்தது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் ராணுவ வீரர்கள் 329 முறை மர்மப் பொருட்களைப் பார்த்ததாகப் பதிவு செய்தார்கள். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆராய்ந்து, அவை வியாழனும் வெள்ளியும் என்றது.

கொல்கத்தா சம்பவத்திலும் கணக்கு பொருந்துகிறது. 2007 அக்டோபர் 28-ல் வெள்ளி சூரியனிலிருந்து அதிகபட்ச விலகலில், ஏறத்தாழ 46 டிகிரி தூரத்தில் இருந்தது. சூரிய உதயத்துக்குப் பல மணி நேரம் முன்பே கிழக்கில் எழுந்து ஜொலித்தது. வடிவம் மாறியது எப்படி? ஜூம் செய்யும்போது ஃபோகஸ் தவறினால் ஒளிப்புள்ளி வட்டமாகவோ கோணமாகவோ விரியும். கை அசைந்தால் கோடாகும்.

அப்போ ஏலியனே இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே 5,000-க்கும் அதிகமான கோள்கள் உறுதி செய்யப்பட்டுள்ளன. எங்கோ உயிர் இருக்கலாம் என்பது ஒரு கேள்வி. அது இங்கே வந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஒருவரின் வீடியோ போதாது. பல இடங்களில், பல கருவிகளில், ஒரே நேரத்தில் பதிவான தரவு வேண்டும்.

ரே 1992 ஏப்ரல் 23-ல் காலமானார். சில வாரங்களுக்கு முன்புதான் மருத்துவமனைப் படுக்கையில் கௌரவ ஆஸ்கரைப் பெற்றிருந்தார். 'தி ஏலியன்' கடைசிவரை படமாகவே இல்லை.

சென்னையிலிருந்து ரயிலில் ஹவுரா போய் இறங்குபவர்கள், விடியலுக்கு முன் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள படித்துறைக்கு ஒரு நடை போய் வாங்க. கிழக்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம், கொல்கத்தாவுக்கு மேலே அசையாமல் ஏதாவது பளிச்சிட்டால், ஷேர் பண்ணும் முன்னாடி போனில் இருக்கும் வான்வரைபட ஆப்பை ஒரு தடவை திறந்து பாருங்க.