தத்துவ போதக சுவாமிகளும் சேலம் நாடும்

சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் வாழும் நம்மிற் பலர் சேந்தமங்கலத்து வழியே எத்துணையோ முறை போய்வந்திருப்போம். ஆயினும், இத்தாலியத் துறவி ஒருவர் 1623-ஆம் ஆண்டில் ஒதுங்க இடந்தேடி இந்நாட்டிற் புகுந்த வரலாற்றை அறிந்தார் நம்முட் சிலரே. அவரே இராபர்ட் தெ நோபிலி என்னும் இயற்பெயருடைய தத்துவ போதக சுவாமிகள்.

1577-இல் உயர்குடியிற் பிறந்து இயேசு சபையிற் சேர்ந்த இவர், 1605-இற் கோவாவையும், மறு ஆண்டில் மதுரையையும் அடைந்தார். கிறிஸ்தவராதல் பரங்கியராதலே என்று மக்கள் எண்ணியிருந்த காலம் அது. சுவாமிகள் காவியுடுத்து, புலால் நீக்கி, தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்றனர். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம் முதலிய உரைநடை நூல்களையும் இயற்றினர். நூலுக்கு உரை காண்பதற்கே பெரும்பாலும் உரைநடை பயன்பட்ட அந்நாளில் இஃது அரிய செயலென்பதைத் தமிழ் மாணவராகிய நாம் மறத்தலாகாது.

எதிர்ப்பு முதலில் எழுந்தது தம்மவரிடமிருந்தே. குடுமியும் பூணூலும் சந்தனமும் புறச்சமயச் சின்னங்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1619-இற் கோவாவிற் கூடிய பேரவையின்முன் அவர் நின்று விடையிறுக்க நேர்ந்தது. மதம் மாறினோர் தம் நாட்டு நடையுடைகளைக் கைவிட வேண்டுவதில்லை என்பதே அவர் வழக்கு. 1623 ஜனவரி 31-இற் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர்.

அவ்வாண்டிலேயே சுவாமிகள் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டனர். விசயநகரப் பேரரசு தளர்ந்தபின் நாயக்கரும் பாளையக்காரரும் தத்தம் எல்லைக்குப் போராடிய நாள்கள் அவை. மதுரைக்கும் மைசூருக்கும் நடுவே கிடந்த இச்சமவெளியோ இருபுறமும் இடிபட்டது. சேந்தமங்கலத்து இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்புடன் வரவேற்றார். சேலத்திலோ வீடு கொடுப்பார் ஒருவருமிலர். ஊர்ப் பொதுச் சத்திரத்திலே வெயிலும் பனியும் தாங்கித் தங்கினார், நோயும் வந்துற்றது. ஊரார் கொடியரல்லர். அயலானுக்கு இடங்கொடுத்தால் ஆள்வோர் என் நினைப்பரோ என்ற அச்சம் அவர்களைத் தடுத்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். பல நாள் கழிந்த பின்னரே அவர்க்குத் தங்குமிடம் வாய்த்தது.

அவர்பால் நெருங்கியவருள் திருமங்கல நாயக்கர் ஒருவர். தம்பியால் ஆட்சி இழந்து வாழ்ந்தவர் அவர். இழந்தவனே இழந்தவனை அறிவான் போலும்! 1625-ஆம் ஆண்டில் அவர் திருமுழுக்குப் பெற்றார். மோரமங்கலத்திலும் ஒரு சிறு சபை தோன்றிற்று. பதவி பறிபோன ஒருவர் புதுச் சமயமும் தழுவின், அதனை அரசியற் சூழ்ச்சியெனக் கொள்வது ஆள்வோர்க்கு எளிது. அதனை அறிந்தும் துணிந்த அவரது உள்ளத்திண்மை போற்றத்தக்கது.

இக்காலத்தில் 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, தாம் விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமையை எல்லார்க்கும் உறுதி செய்கின்றது. அன்று சிறுபான்மையோர்க்கு இருந்தது உரிமையன்று, தயவே. ஒரு நாயக்கர் மகிழ்ந்தால் கோயில் எழும். அவர் அதிகாரிகள் சினந்தால் சிறைக்கதவு திறக்கும். 1640-இற் சுவாமிகள், முதுமையிலும் கண்ணொளி குன்றிய நிலையிலும், மதுரையிற் சிறைவைக்கப்பட்டனர். திருமலை நாயக்கர் ஆணையாலே பின்னர் விடுதலை கிடைத்தது.

சுவாமிகளிடம் நாம் காணும் குறை ஒன்றுண்டு. மதம் மாறினோரின் வழக்கங்களுக்காக வாதாடிய அவர், சாதி வேற்றுமையையும் அவ்வழக்கங்களுள் ஒன்றாகவே விட்டுவிட்டார். தாழ்த்தப்பட்டோர் அவரை வெளிப்படையாக அணுக இயலவில்லை. சிறுபான்மையோருள்ளும் ஒரு சிறுபான்மை வாயிற்புறத்தே நின்றது. 1640-இற் பல்தசார் த கோஸ்தா என்பார் பண்டாரக் கோலம் பூண்டு எல்லாக் குலத்தாரிடையிலும் சென்று உழைக்கத் தொடங்கிய பின்னரே அவ்வாயில் சிறிது திறந்தது. காலத்தின் கட்டு என்று இதனைச் சிலர் அமைதி கூறுவர். எமக்கு அது போதிய விடையாகத் தோன்றவில்லை.

இறுதி நாளிற் சுவாமிகள் மதுரையை விட்டு யாழ்ப்பாணத்திற்கும், பின்பு மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டனர். அங்கே ஒரு சிறு குடிசையிற் கண்ணிழந்தவராய் இருந்தும் தம் தமிழ் நூல்களைப் பிறரைக்கொண்டு திருத்துவித்து வந்தார். 1656 ஜனவரி 16-இல் அக்குடிசையிலேயே உயிர் நீத்தார்.