பிள்ளைகளின் நாடக ஆசான்

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் விடியுமட்டும் பாரதக்கூத்துக் காணும் நம் சங்கத்துச் சிறார், மேடையையே பள்ளியாக்கிய சங்கரதாஸ் சுவாமிகளை அறிதல் வேண்டும். தூத்துக்குடியையடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் தோன்றியவர் அவர். எமனாகவும் சனீசுவரனாகவும் நடித்து அவையை நடுங்கச் செய்தவர், பின்னர் வேடம் துறந்து ஆசிரியரானார். தேர்ந்த நடிகர் பாடத்தை மீறி மனம்போனவாறு வாதிடக் கண்டு வெறுத்து, சிறுவரைப் பழக்கத் துணிந்தார்.

1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை எழுந்தது. உணவு, உறைவிடம், பாட்டு, வசனம் யாவும் அங்கேயே. அச்சிறுவர்க்கென்றே அபிமன்யு சுந்தரியை ஓரிரவில் எழுதி முடித்தாராம்! டி. கே. எஸ். சகோதரர் அங்குப் பயின்றவரே. அப்பிள்ளைகட்குப் பள்ளிக்கூடம் வாய்க்காமற் போயிற்றே என்பது, ஆசிரியத் தொழிலுடைய எனக்கு மனக்குறைதான். ஆயினும் அவர் நாவில் தமிழ் திருந்திற்று. பக்கவாதத்தாற் பேச்சிழந்த பின்னரும் சுவாமிகள் சபையைவிட்டு நீங்கினாரல்லர். 1922 நவம்பர் 13-ல், அது முகாமிட்டிருந்த புதுவையிலேயே உயிர்நீத்தார்.